வீட்டிலேயே சர்க்யூட் போர்டு: டோனர் தாளை விட்டுச் செம்பைப் பிடிக்கும் விதம்

பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட் சரியாக ஓடத் தொடங்கியதும், இதை நிரந்தரமாக எதில் ஏற்றுவது என்ற கேள்வி வந்துவிடும். துளையிட்ட பொதுப் பலகையில் பாகங்களைச் செருகி, அடியில் கம்பிகளை வளைத்துப் பற்றவைக்கலாம். பாகங்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் பின்பக்கம் சிக்கலாகிவிடும். ஓர் இணைப்பு விட்டுப்போனால் அதைத் தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும். அந்தச் சர்க்யூட்டுக்கென்றே தடம், அதாவது பாகங்களை இணைக்கும் செம்புக் கோடு, போட்ட பலகை கையில் இருந்தால், பாகங்களைச் செருகிப் பற்றவைப்பதோடு வேலை முடிந்தது. அப்படிப்பட்ட பலகையை லேசர் பிரின்ட், இஸ்திரிப் பெட்டி, செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு ஆகிய மூன்றையும் கொண்டு வீட்டிலேயே செய்யும் வழிதான் டோனர் டிரான்ஸ்ஃபர்.

இதற்குச் செய்முறை சொல்பவர்கள் நிறைய. இஸ்திரிப் பெட்டியால் மூன்று நிமிடம் தேய் என்பார் ஒருவர், எட்டு நிமிடம் என்பார் இன்னொருவர். இந்தத் தாள்தான் சரி என்பார்கள், அது ஆகவே ஆகாது என்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்குத் தலை சுற்றும். ஆனால் எல்லாக் குறிப்புகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: தாளின் மேல் ஒட்டியிருக்கும் டோனர், அதாவது லேசர் பிரின்டரின் கருப்புத் தூள், தாளை விட்டுவிட வேண்டும், செம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாளைத் தேர்ந்தெடுப்பது, செம்பைத் தேய்த்துக் கழுவுவது, சூடு, அழுத்தம், தண்ணீரில் ஊறவைப்பது எல்லாம் இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டால் நிமிடக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பலகை கெட்டுப்போனாலும் எங்கே கெட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

பலகையும் அரிப்பும்

கடையில் காப்பர் கிளாட் என்று கேட்டால் தருவார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும். மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளிலும் இணையத்திலும் வாங்கலாம். மின்சாரம் கடத்தாத ஒரு தட்டின் மேல் மெல்லிய செம்புத் தகடு முழுவதுமாக ஒட்டப்பட்டிருக்கும். தட்டின் தடிமன் பெரும்பாலும் 1.6 மி.மீ. செம்பின் தடிமன் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். பழுப்பு நிறத்தில் வருவது காகிதத்தையும் ஃபினாலிக் பிசினையும் சேர்த்துச் செய்தது. விலை குறைவு, துளையிடவும் சுலபம், ஆனால் சூட்டில் செம்பு உரிந்துவிடும். இளம்பச்சையோ மஞ்சளோ கலந்த நிறத்தில் ஒளி ஊடுருவுகிற மாதிரி வருவது கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்தது, எஃப்ஆர்-4 என்பார்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் பின்னால் வரும் பற்றவைப்பையும் தாங்க வேண்டும் என்பதால், முதல் பலகைக்கே எஃப்ஆர்-4 வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தப் பலகையில் தடம் உண்டாக்குவது என்றால், தடம் வேண்டாத இடத்துச் செம்பைக் கரைத்து எடுப்பது. இதைத்தான் அரிப்பு என்கிறோம். எங்கே செம்பு மிஞ்ச வேண்டுமோ அங்கே கரைசல் தொட முடியாதபடி ஒரு மூடி போட வேண்டும். பெயின்ட், நெயில் பாலிஷ், நிரந்தர மார்க்கர் என்று எதையும் மூடியாக்கலாம். ஐசி (பல கால்கள் கொண்ட சில்லு) இல்லாத எளிய சர்க்யூட்டுகளைக் கையால் வரைந்தே செய்துவிடலாம். ஐசியின் கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ. மட்டுமே இடைவெளி. அங்கே கை நடுங்கினால் இரண்டு தடங்கள் ஒன்றாகிவிடும். அச்சு இயந்திரம் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது; அதன் டோனரே மூடியாகிறது.

டோனர் என்பது பிளாஸ்டிக்

லேசர் பிரின்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் பயன்படுத்தும் கருப்புத் தூளில் பெரும்பகுதி பிளாஸ்டிக் பிசின். ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் வகை. அதோடு நிறத்துக்குக் கார்பனும், கொஞ்சம் மெழுகும், வேறு சிலவும் கலந்திருக்கும். பிரின்டருக்குள் மின்னேற்றத்தால் தாளில் ஒட்டும் அந்தத் தூள், கடைசியில் சூடான உருளைக்கு இடையே நசுங்கி, உருகித் தாளில் பிடித்துக்கொள்கிறது. வெளியே வரும் தாளை விரலால் தடவினால் எழுத்து லேசாக மேடாகத் தெரிவது இதனால்தான்.

பிளாஸ்டிக்காக இருப்பதால் இரண்டு நன்மைகள் நமக்குக் கிடைக்கின்றன. மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். அப்போது வேறொரு பரப்பில் ஒட்டவைக்கலாம். ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசல்கள் அதை ஒன்றும் செய்யாது. இங்க்ஜெட் பிரின்டரின் மைக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. அதனால் அதில் எடுத்த பிரின்டை எவ்வளவு நேரம் தேய்த்தாலும் செம்புக்கு மாறாது. இப்போது பல ஜெராக்ஸ் கடைகளில் டேங்க் வைத்த இங்க்ஜெட் இயந்திரங்கள் வந்துவிட்டன. கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் ஒரு பிரின்டின் மேல் ஈர விரலை வைத்துத் தேயுங்கள். மை கலைந்தால் அது இங்க்ஜெட்.

இந்த முறையின் இரு பாதிகளும் கிட்டத்தட்ட ஒரே வயதுடையவை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வியன்னாவில் பிறந்து லண்டனுக்குப் போன பொறியாளர் பால் ஐஸ்லர், அச்சிட்ட மின்சுற்றை வைத்து ஒரு ரேடியோவைச் செய்தது 1936இல். நியூயார்க் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் உலகின் முதல் ஜெராக்ஸ் படத்தை எடுத்தது 1938 அக்டோபர் 22 அன்று. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் லைகோபோடியம் என்ற தூளைத் தூவி, உருவம் தெரிந்ததும் அதன் மேல் மெழுகுத் தாளை அழுத்தித் தூளை அதற்கு மாற்றி, சூடாக்கி நிலைநிறுத்தினார்கள். ஒரு பரப்பிலிருந்து தூள் உருவத்தை இன்னொரு பரப்புக்கு மாற்றிச் சூட்டால் பிடிக்கவைப்பது ஜெராக்ஸ் பிறந்த நாளிலேயே இருந்திருக்கிறது. நாம் இஸ்திரிப் பெட்டியோடு செய்வதும் அதன் நீட்சிதான்.

தாளில்தான் பாதி வெற்றி

சாதாரண ஏ4 தாளில் பிரின்ட் எடுத்தால் உருகிய டோனர் தாளின் நார்களுக்குள் இறங்கிப் பின்னிக்கொள்ளும். பிறகு அதைச் செம்புக்கு வரச் சொன்னால் பாதிதான் வரும். நமக்கு வேண்டியது, டோனர் நார்களைத் தொடாமல் மேலே உட்காரும் தாள். வார இதழ்களின் வழவழப்பான பக்கங்கள் இதற்கு அருமையாகப் பொருந்தும். அந்த வழவழப்பு, தாளின் மேல் பூசிய வெள்ளைக் களிமண் அல்லது சுண்ணாம்புப் பூச்சிலிருந்து வருகிறது. டோனர் அந்தப் பூச்சின் மேல் நிற்கும். தண்ணீரில் ஊறியதும் பூச்சு இளகி, தாளும் டோனரும் பிரிந்துவிடும். இதழில் ஏற்கெனவே அச்சான எழுத்தும் படமும் இடைஞ்சல் செய்யாது. அந்த மை செம்புக்கு மாறி அரிப்பைத் தடுக்கிற வகையல்ல. மெல்லிய பக்கத்தை அப்படியே பிரின்டரில் விட்டால் சிக்கிக்கொள்ளும். ஏ4 தாள் ஒன்றின் மேல் முன்விளிம்பை மட்டும் ஒட்டி அனுப்பலாம். ஒட்டுவதற்குச் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் டேப் வேண்டாம், காகித டேப் போதும்.

இதற்கென்றே விற்கும் மஞ்சள் நிறத் தாளும் உண்டு. அதன் மேல் டோனர் மிக லேசாகத்தான் ஒட்டும்; ஆகவே தேய்த்து ஆறவிட்டால் ஊறவைக்காமலே உரிந்து வரும். ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சும் வழுக்குத் தாளும் அதே குணமுடையது. ஆனால் இந்த வகைகளில் பிரின்டை விரலால் தொட்டாலே உதிரும், கவனமாகத் தூக்க வேண்டும். இங்க்ஜெட்டுக்கான போட்டோ தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சிலவற்றில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது லேசர் பிரின்டரின் சூட்டு உருளையில் உருகி ஒட்டிக்கொண்டால் உருளையையே மாற்ற வேண்டி வரும். அடுத்தவர் பிரின்டரில் அதை முயன்று பார்க்காதீர்கள்.

பிரின்ட் எடுக்கும்போது டோனர் சேமிப்பை நிறுத்திவிட்டு, அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள். கருப்பு மங்கலாக இருந்தால் அங்கே டோனரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன என்று அர்த்தம். கரைசல் அவற்றின் வழியே உள்ளே போகும்.

தடம் போடுதல்: 555ஐ வைத்து

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 1971இல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த 555 டைமர் ஐசியில் ஒரு எல்இடியை நொடிக்கு ஒருமுறை மினுக்கவைக்கும் சர்க்யூட். 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், 0.01 மைக்ரோஃபாரட் செராமிக். எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் நடுவில் 10 கிலோ ஓம். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் 68 கிலோ ஓம். ஆறாம் காலிலிருந்து தரைக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்கு, 10 மைக்ரோஃபாரட். ஐந்தாம் காலிலிருந்து தரைக்கு செராமிக். இரண்டும் ஆறும் ஒன்றாக, நான்கும் எட்டும் ஒன்றாக. மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் வழியாக எல்இடி, அங்கிருந்து தரை. எட்டாம் கால் பேட்டரியின் பாசிட்டிவ், முதல் கால் நெகட்டிவ். நான்கு சென்டிமீட்டர் நீளப் பலகையில் தாராளமாக அடங்கும்.

வரைவதற்குக் கிகேட் என்ற மென்பொருள் இலவசம், நம்பகமானது. அதில் இந்தச் சர்க்யூட்டை ஒரே பக்கத் தடமாகப் போட முயன்றால் உடனே ஒரு பாடம் கிடைக்கும். இரண்டையும் ஆறையும் இணைக்கும் தடமும், நான்கையும் எட்டையும் இணைக்கும் தடமும் ஐசியின் அடியில் ஒன்றையொன்று வெட்டும். எப்படித் திருப்பினாலும் வெட்டும். ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியே அனுப்பலாம், அல்லது மேல்பக்கம் ஒரு சிறு கம்பியைப் பாலமாகப் போடலாம். ஜம்பர் போடுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். வெட்டி எறிந்த ரெசிஸ்டர் காலே அதற்குப் போதும். இரண்டு பக்கத் தடம் போட்டு இரண்டையும் பொருத்திவைக்கும் பாட்டை அது மிச்சப்படுத்துகிறது.

அளவுகளைத் தாராளமாக வையுங்கள். தடம் 0.8 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை, இரண்டு தடங்களுக்கு நடுவே குறைந்தது 0.5 மி.மீ. 35 மைக்ரான் செம்பில் 1 மி.மீ. தடம் 2 ஆம்பியரைச் சுமார் 10 டிகிரி சூடேற்றத்துக்குள்ளேயே தாங்கும். நம் 555க்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். அகலம் இங்கே மின்னோட்டத்துக்காக அல்ல, அரிப்பில் தப்பிப்பதற்காக. பற்றவைக்கும் வட்டத்தை, அதாவது பேடை, 1.8 மி.மீ.க்குக் குறையாமல் வைத்தால் 0.8 மி.மீ. துளை போனபின் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் செம்பு மிஞ்சும். அந்த அளவில் ஐசியின் இரண்டு கால்களுக்கு இடையே 0.74 மி.மீ.தான் பாக்கி. முதல் பலகையில் கால்களுக்கு நடுவே தடத்தை நுழைக்காதீர்கள். மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தரைச் செம்பால் நிரப்பிவிடுவது நல்லது: கரைக்க வேண்டிய செம்பு குறையும், கரைசல் அதிக நாள் உழைக்கும்.

அடுத்தது, தொடங்குபவர்கள் எல்லோரையும் குழப்பும் இடவலப் பிரச்சினை. பாகங்கள் மேல்பக்கம், செம்பு கீழ்ப்பக்கம். மென்பொருள் எப்போதும் பலகையை மேலிருந்து, ஊடுருவிப் பார்ப்பதுபோல் காட்டும். கீழ்ப்பக்கத் தடத்தைக் கீழிருந்து பார்த்தால் அது இடவலம் மாறித்தான் இருக்க வேண்டும். தாளைக் கவிழ்த்துத் தேய்க்கும்போது அந்த மாற்றம் தானாகவே நடந்துவிடுகிறது. ஆகவே கீழ்ப்பக்கத் தடத்தை மிரர் செய்யாமல் அப்படியே பிரின்ட் எடுங்கள். செம்பு மேல்பக்கமே இருக்கும் பலகைக்கு, அதாவது பரப்பில் ஒட்டும் பாகங்களுக்கு, மிரர் செய்து எடுங்கள். இதை நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வழி: செம்பு அடுக்கில் உங்கள் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துவிடுங்கள். முடிந்த பலகையின் செம்பில் அது நேராகப் படிக்கும்படி இருக்க வேண்டும். அப்படியானால் தாளில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித் தெரிய வேண்டும். தாளில் நேராகப் படிக்க முடிந்தால் நிறுத்துங்கள். மாறிய பலகையில் 555ஐப் பொருத்தினால் முதல் கால் எட்டாம் கால் இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும். மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து ஐசி கருகும்.

அளவு நூறு சதவீதமாக இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பொருத்து என்று அச்சுப் பெட்டியில் இருப்பதை எடுத்துவிடுங்கள். பிரின்ட் வந்ததும் உண்மையான ஐசியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். எட்டுக் கால்களும் எட்டு வட்டங்களின் நடுவில் விழ வேண்டும். கிகேடில் துளைக் குறியைச் சிறியதாக வைக்கும் தெரிவு உண்டு. அதை எடுத்தால் ஒவ்வொரு பேடின் நடுவிலும் ஒரு புள்ளி வெறுமையாக இருக்கும். அரிப்புக்குப் பின் அது சிறு பள்ளமாகி, டிரில் முனை வழுக்காமல் உட்கார இடம் கொடுக்கும்.

செம்பைத் தயார் செய்தல், தேய்த்தல்

கடையிலிருந்து வரும் செம்பு பளபளப்பாகத்தான் இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். அதன் மேல் மெல்லிய ஆக்சைடும் கைரேகை எண்ணெயும் இருக்கும். டோனர் செம்பைத் தொடுவதற்குப் பதில் அவற்றைத் தொடும். பலகையை ரம்பத்தால் அளவாக வெட்டியபின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து மட்டமாக்குவது மிக முக்கியம், பலரும் விட்டுவிடுவது. விளிம்பில் ஒரு மயிரளவு மேடு இருந்தாலும் தாள் அங்கே தூக்கி நிற்கும், ஓரத் தடங்கள் ஒட்டாது. பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோப்பும் போட்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். நார் போடும் நுண்ணிய கீறல்கள் டோனருக்குப் பிடிமானம்.

சுத்தமானதா என்று கண்டுபிடிக்கத் தண்ணீரே போதும். பலகையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டால் அது விரிந்து ஒரே படலமாக ஓட வேண்டும். துளித்துளியாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. கழுவித் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். அதற்குப்பின் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். தள்ளிப்போடாமல் உடனே இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும் வேலைக்குப் போய்விடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைப் பருத்தி அளவில் வையுங்கள். நீராவி வேண்டாம், தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கட்டும். அடியில் துளைகள் இல்லாத பழைய வகைப் பெட்டி இன்னும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு துளையும் அழுத்தம் இல்லாத ஒரு புள்ளி. மெத்தென்ற துணிவிரிப்பின் மேல் செய்தால் அழுத்தம் வீணாகும். கெட்டியான மரப்பலகையின் மேல் ஒரு மடிப்புத் துணி போதும்.

முதலில் பலகையை வெறுமனே அரை நிமிடம் சூடாக்குங்கள். செம்பு சூட்டை நாலாபுறமும் கடத்தி இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த பலகையின் மேல் தாளை வைத்தால் டோனர் தாள் பக்கம் இளகி, செம்புப் பக்கம் இறுகியே கிடக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பலகை சூடானதும் பிரின்ட் பக்கம் செம்பைப் பார்க்கும்படி தாளை ஒரே வீச்சில் வையுங்கள். வைத்தபின் நகர்த்தக் கூடாது. பெட்டியை அசைக்காமல் நேராக அழுத்தி அரை நிமிடம் பிடித்தால் டோனர் செம்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு மேலே இன்னொரு தாளை வைத்துப் பெட்டியின் விளிம்பால் ஒவ்வொரு பகுதியாக, ஓரங்களில் கூடுதலாக அழுத்தித் தேய்த்துக்கொண்டு வாருங்கள். உள்ளங்கை அளவுப் பலகைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். தடங்களின் உருவம் தாளின் முதுகில் லேசாகப் புடைத்துத் தெரியத் தொடங்கினால் முடிந்தது என்று கொள்ளலாம்.

லேமினேஷன் இயந்திரத்தில் பலமுறை செலுத்தியும் செய்யலாம். அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழும் என்பதால், அடிக்கடி பலகை செய்பவர்களுக்கு அதுதான் சிறந்தது. ஆனால் எல்லா இயந்திரத்துக்குள்ளும் 1.6 மி.மீ. தடிமன் நுழையாது.

சூட்டோடு தாளை இழுக்க ஆசை வரும். இழுக்காதீர்கள். இளகிய டோனர் இரண்டு பக்கத்தையும் பிடித்திருக்கும் நேரம் அது. ஆறினால்தான் செம்பின் மேல் இறுகும். ஆறியபின் சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுவையுங்கள். தாள் ஊறித் தளர்ந்ததும் மேல் அடுக்கு தானாகவே வரும். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். டோனரின் மேல் கொஞ்சம் வெள்ளை நார் மிஞ்சினால் பரவாயில்லை. தடங்களுக்கு நடுவிலும் பேடின் மையப் புள்ளிகளிலும் வெள்ளைப் பூச்சு மிஞ்சக் கூடாது; கரைசல் செம்பைத் தொட அது விடாது. பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். ஒழுங்காகப் பிடித்த டோனர் பல்துலக்கிக்கு அசையாது. அசைந்தால் அது அரிப்பிலும் நிற்கப்போவதில்லை.

இப்போது பலகையைப் படித்துப் பாருங்கள். தடம் தாளோடு திட்டுத்திட்டாகப் போயிருந்தால் சூடு பற்றவில்லை, அல்லது எண்ணெய் இருந்திருக்கிறது. நடு நன்றாக வந்து ஓரம் மட்டும் போயிருந்தால் விளிம்புப் பிசிறும் ஓர அழுத்தமும் காரணம். தடங்கள் பருத்து, பக்கத்துத் தடத்தைத் தொடுகிறதா? அழுத்தமோ சூடோ அதிகம். நிழல்போல் இரட்டையாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று சிறு வெட்டுகளை நிரந்தர மார்க்கரால் அடைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் அசிட்டோனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிய பிரின்டோடு தொடங்குவதே சரி. செம்பு அப்படியே இருக்கிறது. போனது ஒரு தாள் மட்டும்.

கரைசல்

ஃபெரிக் குளோரைடு செம்போடு சேர்ந்தால், ஃபெரிக் இரும்பு செம்பிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஃபெரஸாக மாறுகிறது. எலக்ட்ரானை இழந்த செம்பு குளோரைடாகக் கரைசலுக்குள் போகிறது. இரண்டு ஃபெரிக் குளோரைடு மூலக்கூறு ஓர் அணு செம்பைக் கரைக்கும். புதுக் கரைசல் பழுப்பு மஞ்சள். உழைத்துக் களைத்தது பச்சை கலந்த கருமை. தூளாக வாங்கினால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும்.

பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. இதில் சமரசம் கிடையாது. அலுமினியத்தோடு ஃபெரிக் குளோரைடு வேகமாக வினைபுரிந்து பொங்கும். எவர்சில்வரையும் அரித்துக் குழி போடும், ஆகவே சமையலறைச் சிங்க்கில் கொட்டிக் கழுவவும் கூடாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமுள்ள இடம் கட்டாயம். துணியிலும் சிமெண்டுத் தரையிலும் பட்ட கறை போகாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சமையலுக்கு மறுபடி போகும் எந்தப் பாத்திரத்தையும் இதற்கு எடுக்காதீர்கள்.

வெதுவெதுப்பாக இருந்தால் வேகம் கூடும். கரைசல் டப்பாவைச் சுடுதண்ணீர்த் தட்டில் நிறுத்தி 40 டிகிரி சுற்றளவில் வைத்தால் போதும். அடுப்பில் வைத்துச் சூடாக்குவது ஆபத்து. பலகையைச் செம்புப் பக்கம் கீழே இருக்குமாறு மிதக்கவிடலாம், அல்லது டப்பாவை விடாமல் மெதுவாக ஆட்டலாம். செம்பின் மேல் தேங்கும் பழைய கரைசல் விலகிப் புதியது வந்துகொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் முதலில் செம்பு மறைந்து அடித்தட்டு தெரியும், பிறகு உள்நோக்கி நகரும். நல்ல கரைசலில் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் முடியும்.

முடிந்தவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். கரைசல் கீழே மட்டும் அரிப்பதில்லை. டோனரின் அடியில் பக்கவாட்டிலும் அரிக்கிறது. 35 மைக்ரான் ஆழத்துக்கு அரிக்கும்போது பக்கத்துக்கு ஏறத்தாழ அதே அளவு போகும் என்று வையுங்கள். 1 மி.மீ. தடத்துக்கு அது ஒன்றுமில்லை. 0.2 மி.மீ. தடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் தடமே அறுந்துபோகும். தாராளமான அகலம் கேட்டது இதற்காகத்தான்.

கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் பல பலகைகளுக்கு வரும். உண்மையில் களைத்துப்போன கரைசலில் கரைந்த செம்பு இருக்கிறது. மீனுக்கும் பாசிக்கும் மிகச் சிறிய அளவிலேயே அது நஞ்சு. சாக்கடை, கிணற்றடி, செடி எதற்கும் அது போகக் கூடாது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து, இரும்பும் செம்பும் சேறாகக் கீழே படியும். நுரை நிற்கும்வரை சேர்த்து, படிந்த சேற்றை வடிகட்டிக் காயவைத்து மூடிய டப்பாவில் சேமித்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்திலோ அருகிலுள்ள கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் நீலமாக இருந்தால் செம்பு இன்னும் கரைந்தே இருக்கிறது. இதைக் கடைப்பிடிக்க முடியாது என்றால் வீட்டில் பலகை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துளையும் மற்றதும்

பலகையைக் கழுவி, அசிட்டோனால் டோனரைத் துடைத்தால் செம்புத் தடம் வெளிப்படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எஃப்ஆர்-4 ஒளியை விடுவதால் மயிரிழை வெட்டும், விட்டுப்போன செம்புப் பாலமும் பளிச்சென்று தெரியும். மல்டிமீட்டரின் பீப் ஓசையில் வைத்து, சேர வேண்டியவை சேர்ந்திருக்கின்றனவா, பிரிய வேண்டியவை பிரிந்திருக்கின்றனவா என்று பாகம் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். பாலத்தைக் கூரிய கத்தியால் சுரண்டலாம், வெட்டை ஈயத்தால் மூடலாம்.

ஐசிக்கும் கால் வாட் ரெசிஸ்டருக்கும் 0.8 மி.மீ. துளை, 1என்4007 டயோடுக்கும் ஊசிபோன்ற பின் (pin) வரிசைகளுக்கும் 1 மி.மீ. சாதாரண எஃகு முனை கண்ணாடி இழையில் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனை மழுங்காது, ஆனால் கை லேசாகச் சாய்ந்தாலும் ஒடியும். டிரில்லுக்குத் தாங்கி இருந்தால் அதை எடுங்கள். தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். துளையிட்டபின் செம்பின் மேல் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி மெல்லிய ஈயப் பூச்சுக் கொடுத்தால் கறுக்காமல் இருக்கும். பிறகு உயரம் குறைந்த பாகங்களிலிருந்து தொடங்கிப் பற்றவைக்கலாம். 555ஐ நேராகப் பற்றவைக்காமல் எட்டுக்கால் சாக்கெட் வைத்தால் மாற்றுவது சுலபம்.

சில டாலருக்குச் சீனத் தொழிற்சாலைகள் பச்சைப் பூச்சோடும் உலோகம் பூசிய துளைகளோடும் பலகை செய்து அனுப்பும் காலம் இது. இரண்டு பக்கத் தடம், மிக நுண்ணிய பாகங்கள், ஒரே பலகைக்குப் பத்துப் பிரதி என்றால் அங்கேயே கொடுங்கள். அவை வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத, இன்றே சோதித்து நாளை திருத்த வேண்டிய ஒரு பக்கச் சர்க்யூட்டுக்கு இந்த முறைக்கு நிகரில்லை. பேட்டரியிலும் அடாப்டரிலும் ஓடும் குறைந்த மின்னழுத்தச் சர்க்யூட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வோல்ட் தொடும் பலகைக்குத் தடங்களின் நடுவே பல மில்லிமீட்டர் இடைவெளியும், மேலே காப்புப் பூச்சும், மூடிய பெட்டியும் வேண்டும்.